எறியும் கையை இனங்காண்பது எப்படி?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் சோளக் கதிர் முற்றும் நாட்களில், பரண்மீது நின்று கல்லெறிந்து குருவி விரட்டும் பிள்ளைகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். சிலர் அந்த வேலையைச் செய்தும் இருக்கிறோம். அவர்களுள் ஒரு பிள்ளை எறிந்தால் கல் நினைத்த இடத்தில் போய் விழும். "குறி தப்பாத கை" என்று ஊரார் மெச்சுவார்கள். அதோடு சரி. அறுவடை முடிந்ததும் அந்தக் கையை எல்லாரும் மறந்துவிடுவோம்.

எறியும் கையைத் தேடிக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்கு நல்ல பந்தெறிபவர் கிடைப்பது அரிது. அங்கு பந்தெறிபவருக்கும் அடிப்பவர் நிற்கும் தட்டுக்கும் இடையே உள்ள தூரம் 18.44 மீட்டர். தட்டின் அகலம் 43 சென்டிமீட்டர்தான். அந்த அகலத்துக்குள், அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் பந்து செல்ல வேண்டும். நமது கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டக் கூடாது. பேஸ்பாலில் அந்தத் தடையில்லை. கையை மடக்கி, சாட்டைபோல் சொடுக்கி எறியலாம்.

இப்படிப்பட்ட கையைத் தேடி 2008ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கே வந்தார்கள். ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் பல நகரங்களில் ஒரு போட்டி நடத்தினார். 37,000க்கும் மேற்பட்டோர் வந்து எறிந்து பார்த்தனர். வேகத்தை அளக்க ராடார் கருவி வைத்திருந்தார்கள். அதில் முதலிடம் பெற்றவர் உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங். இடது கையால் எறிபவர். மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகம். அடுத்தவர் தினேஷ் பட்டேல். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பாலை அதற்குமுன் ஆடியதே இல்லை. அமெரிக்காவில் சில மாதப் பயிற்சிக்குப் பின், 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இக்கதை 2014இல் திரைப்படமாயிற்று. அதற்கு இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரகுமான்.

திரைப்படம் ஒப்பந்தத்தோடு மகிழ்ச்சியாக முடிந்துவிடுகிறது. வாழ்க்கை அங்கே முடியவில்லை. 2009இல் இருவரும் அணியின் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடினர். 2010 இறுதியில் தினேஷ் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு மேலும் சில ஆண்டுகள் முயன்றார், காயங்கள் குறுக்கிட்டன. மிக உயர்ந்த பிரிவில் இருவருமே ஆடவில்லை. 2018இல் ரிங்கு தொழில்முறை மல்யுத்தத்துக்குச் சென்றுவிட்டார். அவர்கள் தோற்றார்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கருவி காட்டிய எண் வாசலைத் திறந்தது. அந்த எண்ணால் அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அனுபவமுள்ள தேர்வாளர் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அவர் தட்டுக்குப் பின்னால் அமர்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் காலும் இடுப்பும் தோளும் ஒரே ஒழுங்கில் அசைகின்றனவா என்று கவனிப்பார். முதல் பத்துப் பந்தைவிட நாற்பதாவது பந்தையே அவர் நம்புவார். ஒரு பந்து தவறியதும் பிள்ளை முகம் சுளிக்கிறதா, அடுத்த பந்துக்குத் தயாராகிறதா என்று பார்ப்பார். வீட்டுக்கே போய்த் தாய் தந்தையரிடம் பேசுவதும் உண்டு. பிறகு 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவார்கள். 50 என்றால் உயர்ந்த பிரிவின் சராசரி. மதிப்பெண் என்றதும் நமக்குத் தேர்வு நினைவு வரும்! ஆனால் இங்கே இன்றைய திறமைக்கு ஒன்று, நாளை எட்டக்கூடிய திறமைக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண்கள்.

நமக்கு அதிகத் தொலைவில்லாத சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை எண்ணிப் பாருங்கள். இருபது வயதுவரை அவர் டென்னிஸ் பந்திலேயே ஆடினார். அவ்வூர் ஜெயப்பிரகாஷ் அவரிடம் திறமையைக் கண்டு சென்னைக்கு வழிகாட்டினார். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் நுழைந்ததும் அவர் கை வீச்சின் மீது ஐயம் எழுந்தது. வீச்சையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், மூவகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். முதல் நாள் கண்டறிந்தவர் தடுமாறிய நாளிலும் உடன் நின்றார். கண்டறிதல் என்பதில் பாதி இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பெண்பிள்ளைகளுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2014இல் அமெரிக்காவில் மோனே டேவிஸ் என்ற 13 வயதுச் சிறுமி, சிறுவர்களுக்கான பேஸ்பால் உலகத் தொடரில் எதிரணியை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடாமல் எறிந்து வென்றாள். அத்தொடரில் அப்படி வென்ற முதற் சிறுமி அவளே.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். முழங்கையின் உட்புறத்தில் எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் ஒன்று உண்டு. ஓயாமல் எறிந்தால் அது நைந்துவிடும். 1974இல் டாமி ஜான் என்ற வீரருக்கு அது அறுந்தபோது, டாக்டர் ஃபிராங்க் ஜோப் உடலின் வேறிடத்து நாரை எடுத்து வைத்துத் தைத்தார். 1976இல் அவர் மீண்டும் ஆட வந்து, 1989 வரை ஆடினார். இன்று அந்த அறுவைச் சிகிச்சை அவர் பெயராலேயே வழங்குகிறது. வளரும் பிள்ளைகளுக்கும் அது தேவைப்படுவதுதான் வருத்தம். ஆகவே 2014 முதல் அங்கே வயதுக்கேற்ற வரம்பு வகுத்திருக்கிறார்கள். 13, 14 வயதினர் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியலாகாது. 66 பந்தைத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது எறிதலே கூடாது. வலியை மறைத்து எறியும் பிள்ளையைத் தைரியசாலி என்று தட்டிக்கொடுப்பது பெரிய தவறு.

நாமும் ஒரு தவறு செய்தோம். ஒரு விளையாட்டு விழாவில் பந்தெறியும் போட்டி வைத்து, தூரத்தை நாடாவால் அளந்து, முதல் மூவருக்குப் பரிசளித்தோம். ஒரு சிறுமியின் பந்து எல்லாவற்றையும்விட வெகுதூரம் போனது, ஆனால் கோட்டுக்கு வெளியே விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தபடி போய் உட்கார்ந்தாள். அடுத்த ஆண்டு அவள் பெயர் கொடுக்கவில்லை. அவளுக்கு இன்னொரு பந்து கொடுத்திருக்கலாம். காலை எங்கே ஊன்றினாள் என்று ஒருவராவது பார்த்திருக்கலாம்.

இப்போது மைதானத்துச் சுவரில் 43 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் வரைந்திருக்கிறோம். 14 மீட்டர் தள்ளி ஒரு கோடு. மாலையில் விரும்பிய பிள்ளைகள் வந்து எறியலாம். ஒருத்தி எண்ணுகிறாள், இன்னொருத்தி நோட்டில் குறிக்கிறாள். நோட்டில் வேகத்துக்குக் கட்டம் இல்லை. எத்தனை பந்து, எத்தனை கட்டத்துக்குள், கை வலித்ததா என்ற மூன்று கேள்விகள் மட்டும். கோட்டுக்கு வெளியே எறிந்த அந்தச் சிறுமியையும் கூப்பிட்டிருக்கிறோம்.