தண்ணீரைப் பார்த்துத் தகடு வாங்கு

பெண்ணாடத்திலிருந்து திட்டக்குடி தாண்டி மேற்கே போனால் கீழ்ச்செருவாய் வெலிங்டன் ஏரி. 1923இல் கட்டி முடிந்த நீர்த்தேக்கம்; தொழுதூரில் வெள்ளாற்றை மறித்துத் திருப்பிய தண்ணீர் இங்கே வந்து சேர்கிறது. கிழக்கே போனால் வீராணம். சோழர் காலத்து ஏரி. மேட்டூரில் திறந்துவிட்ட காவிரி, கீழணை வந்து வடவாற்றில் இறங்கி இதை நிரப்புகிறது.

இந்தப் பக்கத்து ஏரிக்கரைகளில் மண்புழுவும் தக்கையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் எப்போதும் உண்டு. இப்போது ரப்பர் தவளையும் பளபளக்கும் உலோகத் தகடும் வைத்து வீசிச் சுருட்டும் இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தத் தகட்டை ஸ்பூன் என்கிறார்கள். கைப்பிடி வெட்டிய கரண்டிதான். வாலில் ஒரு முள். தின்ன அதில் ஒன்றுமில்லை, வாசமும் கிடையாது. இருந்தும் மீன் பாய்கிறது. கடையில் வெள்ளி, பித்தளை, சிவப்பு, நீலம், கிளிப்பச்சை என்று வரிசையாகத் தொங்கும் தகடுகளில் எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜூலியோ பியூல் என்பவர் படகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்டி கைதவறித் தண்ணீரில் விழுந்ததாகவும், அது ஆடி ஆடி மூழ்கும்போது ஒரு பெரிய மீன் வந்து கவ்வியதாகவும், அதிலிருந்தே ஸ்பூன் பிறந்ததாகவும் கதை. கதை எப்படியோ, 1852இல் அவர் ஸ்பூனுக்குக் காப்புரிமை வாங்கியது உண்மை. நம் பக்கத்துக்கும் தூண்டில் ஆராய்ச்சி புதிதல்ல. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொன்றும் எழுதினார்.

ஸ்பூனின் வேலை ஆட்டத்தில் இருக்கிறது. குழிந்த தகட்டை இழுக்கும்போது அதன் இரு விளிம்புகளிலிருந்தும் தண்ணீர் மாறி மாறிச் சுழன்று பிரிகிறது. இடப்பக்கம் ஒரு சுழல், வலப்பக்கம் ஒரு சுழல்; ஒவ்வொன்றும் தகட்டை எதிர்ப்புறம் தள்ளுகிறது. காற்றில் மின்கம்பி ரீங்கரிப்பதற்கும் இதே சுழல்கள்தான் காரணம். மெல்லிய அகலத் தகடு மெதுவாக இழுத்தாலே அகலமாக ஆடும். தடித்த குறுகிய தகடு சீக்கிரம் மூழ்கும். அதை ஆட வைக்க வேகம் வேண்டும். வேகம் மிஞ்சினால் இரண்டுமே ஆடுவதை விட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பித்து, தூண்டில் நரம்பை முறுக்கிவிடும்.

அடுத்தது நிறம். மீன் தூண்டில் பேச்சில் அதிகம் பொய் புழங்கும் இடம் இது.

தெளிந்த தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்புத் தகடு கறுத்துவிடும். நீலம் நெடுந்தூரம் இறங்கும். வண்டலும் பாசியும் மக்கிய இலைச்சாறும் கலந்த ஏரித் தண்ணீரில் கதை தலைகீழ். அங்கே முதலில் காணாமல் போவது நீலம். மிஞ்சுவது பச்சையும் மஞ்சளும், கலங்கல் கூடினால் செம்மஞ்சளும். ஆக, கடையில் கண்ணைப் பறிக்கும் நீலத் தகடு, கலங்கிய ஏரியில் ஓர் ஆள் ஆழத்தில் வெறும் கறுப்புத் தகடு. கிளிப்பச்சையில் மின்னும் ஒளிர்சாயமும் அப்படித்தான். நீல ஒளியை வாங்கித்தான் அது பச்சையாகத் திருப்பித் தருகிறது. வாங்க நீலமே இல்லாத இடத்தில் எதைத் திருப்பித் தரும்?

கலங்கல் தண்ணீருக்குப் பித்தளைதான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். வெள்ளிப்பூச்சு எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்பும். பித்தளை மஞ்சளையும் சிவப்பையும் நன்றாகத் திருப்பி, நீலத்தை மட்டும் கொஞ்சம் விழுங்கும். சுற்றிலும் இருப்பதே மஞ்சள் ஒளி என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பளபளப்புதான் காட்டும். வித்தியாசம் பெரும்பாலும் வாங்குகிறவர் கண்ணில்.

எந்தத் தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்பதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞர், போப்பின் கப்பலில் மத்தியதரைக் கடலுக்குப் போய் வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டார். ஏரி ஆய்வாளர்கள் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலம் பக்கத்தில் இருக்க, நமக்கு வெள்ளைத் தட்டுக்கா பஞ்சம்? அரை மீட்டரில் தட்டு மறைந்தால் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்; அகலமாக ஆடும் தகட்டை எடுங்கள். இரண்டு மூன்று மீட்டர் வரை தெரிந்தால் நிறம் பேசும்.

நிறத்தைத் தேடிப் பிடிக்கும் மீனுக்கு நல்ல உதாரணம் வட அமெரிக்காவின் வால்ஐ. ஈரி போன்ற கடல்போல் விரிந்த ஏரியில் அது எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பல தூண்டில்களில் ஸ்பூன்களைக் கட்டி, படகை நடைவேகத்தில் செலுத்தி மணிக்கணக்கில் இழுத்துத் தேடுகிறார்கள். அந்த மீனின் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பணுக்கள் இரண்டே வகை: ஒன்று பச்சையை நன்றாக உணரும், மற்றது ஆரஞ்சுச் சிவப்பை. மங்கிய ஏரியில் மிஞ்சும் ஒளியும் அதுதான்! விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலமும் உண்டு. ஒருமுறை நழுவிய ஒளி திரும்பி வரும்போது இரண்டாம் முறை பிடிபடுகிறது. பூனைக் கண் இருட்டில் மின்னுவதும் இப்படிப்பட்ட படலத்தால்தான்.

கண்ணே உதவாத கலங்கலில் மீனுக்கு இன்னொரு புலன் கைகொடுக்கிறது. உடலின் இரு பக்கமும் செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு. அதில் இருக்கும் நுண்மயிர் அணுக்கள் நம் உட்காதில் இருப்பவற்றின் உறவு. தண்ணீரின் சிறு அசைவையும் வாங்கிக்கொள்கின்றன. பைக் குடும்பத்து மஸ்கி மீனின் பார்வையை நீக்கிச் செய்த சோதனைகளில்கூட, இரை அருகில் வந்ததும் அது தாக்கியது. தகட்டின் ஆட்டம் இந்தக் கோட்டைத்தான் தட்டுகிறது.

நம் ஏரி விராலிடம் ஸ்பூனைவிட ரப்பர் தவளை எடுபடக் காரணம் இடம்தான். விரால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே பதுங்கியிருக்கும். காற்றைக் குடிக்க மேலே வந்தாக வேண்டிய மீன். ஸ்பூனின் முள் ஒவ்வொரு வீச்சிலும் செடியில் மாட்டும். தவளையின் முட்கள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடிமேல் வழுக்கி வரும்.

விராலுக்கு இன்னொரு குணமும் உண்டு. முட்டை பொரிந்தபின் பெற்றோர் குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்பளிக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே எதை வீசினாலும் தாய் மீனோ தந்தை மீனோ பாய்ந்து கடிக்கும். அது பசியில் கடிப்பதல்ல, விரட்டக் கடிப்பது. அந்த மீனைத் தூக்கிவிட்டால் காவலில்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். ஏரியில் மீன்பிடிக் குத்தகை இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, செம்மஞ்சள் கூட்டம் தெரிந்தால் தூண்டிலை வேறு பக்கம் வீசுங்கள்.