உண்மை சொன்னால் ஊருக்கே தெரியும்

ஊழலை அம்பலப்படுத்தும் ஊழியர்களைக் காக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி முடித்துவிட்டது. அதை அமலுக்குக் கொண்டுவர வேண்டிய ஒரே ஓர் அறிவிக்கை மட்டும் இன்னும் வரவில்லை.

பிரதமர் வாஜ்பாயியின் அலுவலகத்துக்கு 2002 நவம்பரில் வந்த அந்தக் கடிதத்தில் கையெழுத்து இல்லை. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடக்கும் முறைகேடுகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன: அரைகுறையான திட்ட அறிக்கைகள், காண்ட்ராக்டர்களுக்கு அவசர அவசரமாக வழங்கப்பட்ட முன்பணம், பெரிய நிறுவனங்கள் எடுத்த வேலை சில்லறைக் காண்ட்ராக்டர்களுக்குக் கைமாறிய விதம். கூடவே ஒரு வேண்டுகோள்: எழுதியவர் யார் என்பது வெளியே தெரியக் கூடாது. ஆனால், மொட்டைக் கடிதம் என்று குப்பைக்குப் போய்விடக் கூடாதே என்பதற்காகத் தன்னைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் இணைத்திருந்தார் சத்யேந்திர துபே. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஜார்க்கண்டின் கோடர்மாவில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர்.

கடிதம், தனித்தாள் இரண்டுமே பயணம் செய்தன. பிரதமர் அலுவலகத்திலிருந்து சாலைப் போக்குவரத்து அமைச்சகம், அங்கிருந்து துபே வேலை பார்த்த அதே ஆணையம் என்று பல மேஜைகளைத் தொட்டது கோப்பு. ஓராண்டுக்குப் பின், 2003 நவம்பர் 27 அதிகாலையில், கயா ரயில் நிலையத்திலிருந்து ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த துபே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இது வழிப்பறிக் கொலை என்றது சி.பி.ஐ. பாட்னா நீதிமன்றமும் 2010-ல் அதை ஏற்று மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கடிதத்துக்கும் கொலைக்கும் தொடர்பு இருந்ததாக எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆனால் பெயரை மறைக்கச் சொல்லிக் கெஞ்சியவரின் பெயரை அரசே ஊர்வலம் விட்டது என்பது கோப்பிலேயே பதிவாகியிருக்கும் உண்மை.

இத்தனைக்கும் எச்சரிக்கை மணி முன்பே அடித்திருந்தது. தகவல் தருவோரைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் தேவை என்று 2001-லேயே தனது 179-வது அறிக்கையில் சொன்ன சட்ட ஆணையம், மசோதாவின் நகலையும் எழுதிக் கொடுத்திருந்தது. துபே கொலையால் நாடே கொதித்த பிறகு, உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் மத்திய அரசு அசைந்தது. 2004 ஏப்ரலில் ஒரு தீர்மானம் வெளியானது. புகாரைப் பெறும் அதிகாரம் மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு. உறைக்கு வெளியே அனுப்புபவர் பெயர் இருக்கக் கூடாது. உள்ளே கட்டாயம் இருக்க வேண்டும். பெயரை ரகசியமாக வைத்திருப்பது ஆணையத்தின் பொறுப்பு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தீர்மானம் சட்டமாகாது. அதன்படி யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. மாநில அரசு ஊழியர்கள் அதன் வரம்புக்குள் வருவதே இல்லை.

கலப்படமும் கொலையும்

அடுத்த அடி 2005 நவம்பரில் விழுந்தது. லக்னோ ஐ.ஐ.எம். பட்டதாரியான எஸ். மஞ்சுநாத், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி. கலப்பட எரிபொருள் விற்ற பெட்ரோல் பங்குகள் மீது நடவடிக்கை எடுத்ததால் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கே காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. பங்க் உரிமையாளரின் மகனுக்கு விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

துப்பாக்கி அபூர்வம். இடமாற்றம், தற்காலிகப் பணிநீக்கம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, ரகசியக் குறிப்பேட்டில் இரண்டு வரி ஆகியவைதான் அன்றாட ஆயுதங்கள். ரத்தம் சிந்தாமலே ஒருவரை முடக்கிவிட இவை போதும். நில பேரங்களைக் கிளறி அரசியல்வாதிகளின் பகையைச் சம்பாதித்த ஹரியானா ஐ.ஏ.எஸ். அதிகாரி அசோக் கெம்கா, 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றபோது சுமார் 34 ஆண்டுப் பணியில் 57 இடமாற்றங்களைச் சந்தித்திருந்தார். ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே இந்தக் கதி என்றால், ஓர் எழுத்தரோ ஓவர்சியரோ எந்த தைரியத்தில் வாய் திறப்பார்?

அலமாரியில் சட்டம்

அந்த தைரியத்தைத் தரவே சட்டம் வந்தது. 2010-ல் அறிமுகமான மசோதா 2011 டிசம்பரில் மக்களவையிலும் 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. புகார் தந்தவரின் அடையாளத்தை வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை, ரூ. 50,000 வரை அபராதம். மாநில அரசு ஊழியர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. அலுவலக ரகசியச் சட்டம் புகாருக்குக் குறுக்கே நிற்காது.

குறைகளும் இருந்தன. பெயரில்லாத புகாருக்கு இடமில்லை. சம்பவம் நடந்து 7 ஆண்டு தாண்டினால் விசாரணை இல்லை. பொய் என்று தெரிந்தே புகார் செய்தால் 2 ஆண்டு வரை சிறை. 'பழிவாங்கல்' என்றால் என்ன என்பதற்கு விளக்கமே இல்லை. இருந்தாலும் இது முதல் படி.

அந்தப் படியில் யாரும் கால் வைக்கவில்லை. அரசு குறிப்பிடும் தேதியில்தான் சட்டம் அமலுக்கு வரும் என்கிறது அதன் முதல் பிரிவு. அந்தத் தேதி இன்னும் குறிப்பிடப்படவில்லை. மாறாக, நாட்டின் பாதுகாப்புக்குப் போதிய காப்பு இல்லை என்று சொல்லி 2015-ல் திருத்த மசோதா வந்தது. அமைச்சரவைக் குறிப்புகள், வணிக ரகசியம் உட்பட 10 வகைத் தகவல்களுக்குக் கட்டுப்பாடு போட்ட அந்த மசோதா, அலுவலக ரகசியச் சட்டத்திலிருந்து கிடைத்த விலக்கையும் பறித்தது. மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் கிடந்து, 2019-ல் காலாவதியானது. திருத்தம் மடிந்தது, மூலச் சட்டமோ உயிர் பெறவில்லை.

தனியார் துறையில் நிலைமை வேறு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் புகார் பெறும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013-ன் கம்பெனிகள் சட்டம். உள்பேர வணிகம் பற்றித் துப்புக் கொடுத்தால் வெகுமதி என்று 2019-ல் அறிவித்தது செபி. முதலீட்டாளர் பணம் என்றதும் பிறந்த இந்த அக்கறை, வரிப்பணம் என்று வரும்போது காணாமல் போகிறது.

பள்ளிக்கூடத்துக்கு வரும் சிமெண்டில் மணல் அதிகம் என்பது முதலில் தெரிவது அங்கே நிற்கும் மேற்பார்வையாளருக்கு. மருந்துக் கொள்முதல் பில்லில் விலை ஏறியிருப்பது முதலில் கண்ணில் படுவது கணக்கருக்கு. தணிக்கையாளர்கள் வருவதற்குள் காசு போய்விடும், கட்டடமும் எழும்பிவிடும். உள்ளே இருப்பவர் பேசினால்தான் ஊழல் உரிய நேரத்தில் பிடிபடும். பேசினால் பிழைக்கலாம் என்ற உத்தரவாதத்தை அவர்களுக்குக் கொடுக்கப் புதிய மசோதாவோ விவாதமோ தேவையில்லை. அரசிதழில் ஒரு தேதி போதும்.