சம்பங்கியும் அதன் சந்ததியும்

வீட்டுத் தோட்டத்தில் சம்பங்கி வைத்தவர்களில் அநேகர் சொல்லும் குறை ஒன்று உண்டு. முதல் வருஷம் நன்றாகப் பூத்தது. இரண்டாம் வருஷம் ஏதோ பூத்தது. மூன்றாம் வருஷம் வெறும் புல்லாகிவிட்டது என்பார்கள். மண்ணைக் குறை கூறுவார்கள். கிழங்கு விற்றவரைக் குறை கூறுவார்கள். கடைசியில் பாத்தியைக் கொத்தி எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடுவார்கள். அப்படிக் குப்பைக்குப் போவது வரப்போகும் வருஷங்களின் பூ என்று அறிந்தால் எவ்வளவு வருந்துவார்கள்!

நாம் இங்கே சொல்வது செண்பக மரத்தை அன்று. கொடிச் சம்பங்கியையும் அன்று. கிழங்கிலிருந்து முளைத்து, நீண்ட தண்டில் வெண்மையாய்ப் பூக்கும் நிலச்சம்பங்கியைத்தான். வடநாட்டார் இதை ரஜனிகந்தா என்பர். இதன் தாயகம் மெக்ஸிகோ. ஸ்பானியர் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, வெர்ஸேல்ஸை அடுத்த ட்ரியானன் தோட்டத்தில் இதை ஏராளமாக வளர்த்தான். மாலை வேளையில் அதன் மணம் தாங்காமல் அரண்மனைவாசிகள் தோட்டத்தை விட்டே வெளியேறியதுண்டாம். இன்று புதுச்சேரிக் குபேர் மார்க்கெட்டில் சம்பங்கி மாலை வாங்குகிறவர் யாரும் அதை அந்நிய மலராக நினைப்பதில்லை. கோயிலிலும் கல்யாணப் பந்தலிலும் அது நம் மலராகவே ஆகிவிட்டது.

புதுச்சேரியில் இதற்கு வேறொரு பெயரும் உண்டு. 1920-ல் இந்நகருக்குத் திரும்பி வந்து, 1973-ல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்த அரவிந்தாசிரமத்து அன்னை, நூற்றுக்கணக்கான மலர்களுக்கு ஆன்மிகப் பொருள் தரும் பெயர்களைச் சூட்டினார். சம்பங்கிக்கு அவர் இட்ட பெயர் 'புதிய சிருஷ்டி'. தோட்டக்காரனின் கண்ணுக்கும் இப்பெயர் பொருத்தமே.

ஏனெனில், ஒரு சம்பங்கிக் கிழங்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்தபின் தாய்க் கிழங்கின் வேலை முடிந்தது. ஆனால் அதற்குள் அது தன்னைச் சுற்றிப் பல குட்டிக் கிழங்குகளை ஈன்றிருக்கும். இனிப் பூக்க வேண்டியவை அவைதாம். இரண்டு மூன்று வருஷங்களில் குட்டிகள் பெருகி ஒன்றையொன்று நெருக்குகின்றன, பருக்க இடமில்லை, ஆகவே இலை மட்டும் வளர்கிறது. செடி கெட்டுவிடவில்லை, குடும்பம் பெருத்துவிட்டது. தனிக்குடித்தனம் வைத்தால் போதும்!

ஆனி, ஆடி மாதங்கள் நடுவதற்கு ஏற்றவை. ஓர் அங்குலத்துக்குக் குறையாத பருமனுள்ள கிழங்குகளைப் பொறுக்கி, இரண்டு அங்குல ஆழத்தில், எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக ஊன்றுங்கள். நல்ல வெயில் வேண்டும். மணல் கலந்த மண்ணும் மக்கிய தொழு உரமும் இதற்குப் பிரியமானவை. மூன்று நான்கு மாதங்களில் பூந்தண்டு தோன்றும்.

புதுச்சேரியில் கவனிக்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழை. தேங்கும் ஜலத்தில் கிழங்கு அழுகிவிடும். ஆகவே மேட்டுப் பாத்தியாக அமைத்து, வடிகாலை முன்னதாகவே சீர்செய்துவிடுங்கள். கடலோரத் தெருக்களில் கிணற்று நீர் உப்பாயிருந்தால் நல்ல தண்ணீரையே விடுங்கள். முற்றம் இல்லாதவர்கள், அடியில் துளையுள்ள மண் தொட்டியில் மாடியில் வளர்க்கலாம்.

பூத்து ஓய்ந்து இலை மஞ்சளிக்கும்போது தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு கிழங்குகளைத் தோண்டிப் பிரித்து, நிழலில் ஒரு மாதம் உலர்த்தி, பெரியவற்றைப் பூப்பாத்தியில் நடுங்கள். சிறியவற்றைத் தனிப் பாத்தியில் வளர்த்தால் பின்னர் அவையும் பூக்கும் பருவத்தை எட்டும்.

சம்பங்கி கீழிருந்து மேலாக மலரும். அடியில் இரண்டு மூன்று பூக்கள் விரிந்ததும் தண்டை அறுத்து நீரில் வைத்தால் பல நாள் கூடத்தில் மணக்கும். மாலைக்கு ஒற்றை இதழ் வகை. ஜாடிக்கு அடுக்கு வகை. பறித்த பின்னும் இப்பூ வாசனையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிரான்ஸ் தேசத்துக் கிராஸ் நகரில், பூக்களைக் கொழுப்பின் மேல் பரப்பி அந்த மணத்தைக் கவர்ந்து அத்தர் செய்தது இந்தக் குணத்தினால்தான்.

உங்கள் வீட்டுச் சம்பங்கி பூக்காமல் நின்றுவிட்டதா? கடப்பாரையை எடுங்கள், ஆனால் குப்பைக்கூடையை எடுக்காதீர்கள். ஒரு தூரைப் பிரித்தால் அண்டை வீட்டாருக்கும் கொடுக்கக் கிழங்கு மிஞ்சும்.