விழுந்த பல்லைக் கூரை மேல் வீசாதீங்க!

பாலில் போட்டுக் கொண்டு வந்தால் திரும்பப் பொருத்த வழி உண்டு
குழந்தைகளின் பல் வலி, வாய்க் காயத்துக்கு வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காசிமேட்டுப் பக்கம் ஒரு சந்து. பையன்கள் பந்து ஆடுகிறார்கள். 9 வயதுப் பையன் ஒருவன் பந்தைப் பிடிக்கத் தாவுகிறான். கால் தடுக்கிக் குப்புற விழுகிறான்.

எழுந்தால் வாயெல்லாம் ரத்தம்! மேல் முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் கிடக்கிறது.

"ஐயோ, பல்லு போச்சே!" என்று தாய் அலறுகிறாள்.

பக்கத்து வீட்டு ஆயா ஓடி வருகிறாள். "பல்லுதானே போச்சு, அழுவாதே. சாணியிலே பொதிஞ்சு கூரை மேலே போடு. புதுசா முளைச்சிடும்" என்கிறாள்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்தத் தெருவிலும் நடக்கக் கூடிய காட்சிதான் இது.

ஆயா சொன்னபடி பல் முளைக்குமா?

முளைக்காது! 6 வயதுப் பிள்ளைக்குத் தானாக ஆடி விழுகிறதே, அது பால் பல். அதன் அடியில் இன்னொரு பல் காத்திருக்கும். 9 வயதுப் பையனின் முன்பல் நிலைப் பல். போனால் போனதுதான்.

ஆனால் அந்தப் பல்லை அப்போதே காப்பாற்றி இருக்கலாம்!

ஒரு மணி நேரக் கணக்கு

வேரோடு பிடுங்கிக் கொண்டு வந்த பல், உடனே செத்து விடுவதில்லை. வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டிக் கொண்டிருக்கும். அதில் உயிர் இருக்கும் வரை, பல்லைத் திரும்பக் குழியில் வைத்தால் பிடித்துக் கொள்ளும். அது காய்ந்து போனால் பிடிக்காது.

காய்வதற்கு எவ்வளவு நேரம்? வெறும் காற்றில் கிடந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரியம் கெட்டு விடும்.

எண்ணூரிலிருந்து பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்தில் வந்து விட முடியுமா? துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழி விட்டால் வரலாம். விடாவிட்டால்?

அதனால்தான் முதல் வைத்தியம் விழுந்த இடத்திலேயே நடக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

* பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையாகத் தெரியும் மேல் பாகத்தை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடக் கூடாது.

* மண் ஒட்டி இருந்தால் பாலிலோ, ஓடும் தண்ணீரிலோ ஒரு 10 விநாடி லேசாகக் கழுவுங்கள். தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், சோப்புப் போடாதீர்கள்.

* பிள்ளை ஒத்துழைத்தால் பல்லை அதே குழியில், முன்புறம் முன்பக்கமாக வருமாறு மெல்லப் பொருத்துங்கள். சுத்தமான துணியை மடித்துக் கடிக்கச் சொல்லி, டாக்டரிடம் ஓடுங்கள்.

* குழியில் வைக்கக் கை நடுங்குகிறதா? ஒரு டம்ளர் பாலில் பல்லைப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பாக்கெட் பாலே போதும். சூடாக இருக்கக் கூடாது, சர்க்கரை கூடாது.

* காகிதத்திலோ, கைக்குட்டையிலோ மடித்து வராதீர்கள். தண்ணீரில் ஊற வைப்பதும் நல்லதல்ல.

பாலில் கிடக்கும் பல்லுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தவணை கிடைக்கிறது. அதற்காக நின்று டீ குடித்து விட்டு வரலாம் என்று அர்த்தமில்லை! எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

டாக்டர் பல்லைப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டுவார். சுமார் 2 வாரம் கட்டு இருக்கும். அது வரை கஞ்சி, இட்லி, குழைந்த சாதம்தான். வேர் சிகிச்சையும் தேவைப்படலாம். எல்லாப் பல்லும் பிழைத்து விடும் என்று சொல்ல முடியாது. ஆனால் பல வருஷம் நிலைத்து நிற்பவையும் உண்டு.

பால் பல்லானால் வேறு கதை

4 வயதுக் குழந்தையின் பல் அடிபட்டு விழுந்தால் திரும்பக் குழியில் வைக்கக் கூடாது. அடியில் வளர்ந்து கொண்டிருக்கும் நிலைப் பல்லுக்குக் கேடு வரும்.

எந்தப் பல் என்று தெரியவில்லையா? பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை.

விழுந்த பால் பல்லையும் தேடி எடுப்பது நல்லது. கிடைக்காவிட்டால், குழந்தை விழுங்கியதா, மூச்சுக் குழாயில் போனதா, ஈற்றுக்குள் புதைந்ததா என்று பார்க்க வேண்டி வரும். குழந்தை இருமினாலோ, மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

பல் உடைந்து போனால் அந்தத் துண்டையும் பாலில் போட்டுக் கொண்டு போங்கள். ஒட்ட முடிந்தால் ஒட்டுவார்கள்.

உதடு கிழிந்தால்

மாடிப்படி, சைக்கிள், அடிபம்பின் கைப்பிடி. மூன்றும் பிள்ளைகளின் வாய்க்கு எதிரிகள்!

உதட்டிலோ நாக்கிலோ ரத்தம் கொட்டினால் பயந்து விடாதீர்கள். வாயில் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிறைய வரும். குழந்தையை உட்கார வைத்து, தலையை முன்னால் சாய்த்து, சுத்தமான துணியால் 10 நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வெளிப்பக்கம் வையுங்கள்.

காப்பித்தூள் வைத்து அடைப்பது வேண்டாம். காயத்தில் அழுக்குத்தான் சேரும்.

10 நிமிஷம் அழுத்தியும் நிற்கவில்லையா? உதடு பிளந்து நிற்கிறதா? வாயை மூடினால் பல் வரிசை பொருந்தவில்லையா? குச்சியோ பென்சிலோ தொண்டைப் பக்கம் குத்தி விட்டதா? உடனே ஆஸ்பத்திரிதான். குத்திய பொருள் உள்ளே நின்றால் இழுக்காதீர்கள். விழுந்த பின் வாந்தி, மயக்கம், அரைத் தூக்கம் என்றால் பல்லை விடுங்கள், தலையைக் கவனிக்க வேண்டும். 108-க்குப் போன் போடுங்கள்.

ராத்திரி 12 மணிக்குப் பல் வலி

"சொத்தைப் பல்லு, பால் பல்லுதானே, எப்படியும் விழத்தானே போவுது" என்று விட்டு விடுகிறோம். அந்தப் பல்தான் ராத்திரியில் வீட்டையே எழுப்புகிறது.

பால் பல் மொத்தம் 20. கடைவாய்ப் பால் பற்கள் சில, 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. முன்னாலேயே போனால் பின்னால் வரும் பல்லுக்கு இடம் குறுகும். பல் கோணலாகும்.

வலி வந்தால் முதலில் வாயைக் கொப்பளிக்க வையுங்கள். பல் இடுக்கில் சோறோ, மீன் முள்ளோ மாட்டி இருக்கலாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் நல்லது. பாரசிட்டமால் கொடுக்கலாம். அளவு வயதைப் பொறுத்து அல்ல, எடையைப் பொறுத்தது. பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் வேறு. மருந்துக் கடையில் எடையைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் கூடாது.

ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. அதைப் பொடித்துப் பல்லில் வைத்தால் ஈறு வெந்து போகும். புகையிலை, மூக்குப்பொடி வேண்டாம். கற்பூரம் விஷம், வலிப்பே வரலாம். கிராம்புத் தைலம் பெரியவர்களோடு இருக்கட்டும்.

வலி நின்றதும் "சரியாப் போச்சு" என்று இருந்து விடாதீர்கள். சொத்தை அங்கேயேதான் இருக்கிறது!

கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், கண் மூடும் அளவுக்கு வீங்கினால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாவிட்டால், அது விடியும் வரை காத்திருக்கும் விஷயம் அல்ல.

எங்கே போவது?

பக்கத்தில் பல் டாக்டர் இருந்தால் அங்கே முதலில். ராத்திரி வேளை, பெரிய காயம் என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. பகலில், கோட்டை ரயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்கள் ரயிலில் பீச் வந்து வண்டி மாறினால் அடுத்த ஸ்டேஷன் கோட்டை.

கடைசியாக, கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டீக்கடை இல்லாத தெரு வட சென்னையில் உண்டா? அழுது கொண்டே ஒரு தாய் ஓடி வந்து, "அண்ணே, ஒரு டம்ளர் பச்சைப் பால்" என்று கேட்டால், காசு கேட்காமல் கொடுங்கள்.

அந்தப் பாலில் ஒரு பிள்ளையின் சிரிப்பு மிதக்கிறது!