அசையாத குழந்தை, அடங்காத வலிப்பு

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லோடு இறங்கி, ஒரு நிமிடம் சொச்சம் மூச்சடக்கிச் சிப்பி அள்ளுவார்கள்.  அது தாமாக அடக்கிய மூச்சு; தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றுபோனால் முதலில் அடிபடுவது மூளைதான். உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. வளரும் குழந்தையின் மூளைக்கு இன்னும் கூடுதல் பங்கு வேண்டும்.

கடலிலோ கிணற்றிலோ மூழ்கிய குழந்தையைக் காப்பாற்றி ஐசியுவில் வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் திரையில் சரியாக ஓடும். ஆனாலும் மூளைக்குள் வலிப்பு வந்துகொண்டிருக்கலாம். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் கைகால் வெட்டாது. மருந்தே இல்லாவிட்டாலும், அடிபட்ட மூளையில் வெளியே தெரியாத வலிப்பு வருவதுண்டு. மூளைக்காய்ச்சல், தலைக்காயம் கண்ட குழந்தைகளுக்கும் இதே ஆபத்து இருக்கிறது.

இந்த மறைந்த வலிப்பைக் காட்டிக்கொடுப்பது, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. மனித மூளையின் மின்னலைகளை ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலில் பதிவு செய்தார். டெக்னீஷியன் டேப்பால் தலையை அளந்து, இடம் குறித்து, தோலைத் துடைத்து, பசை தடவிச் சுமார் இருபது மின்முனைகளை ஒட்டுவார். வோல்ட்டில் மிகமிகச் சிறு பங்கே உள்ள அலைகளைக் கருவி பெருக்கிக் காட்டும். குழந்தையின் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை. பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை.

வழக்கமான இ.இ.ஜி. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். மறைந்து வரும் வலிப்போ எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு நாள், தேவைப்பட்டால் அதற்கு மேலும், வீடியோவோடு தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். பல மணி நேர அலைகளை ஒரே பக்கத்தில் சுருக்கிக் காட்டும் முறையும் உண்டு.

இ.இ.ஜி. தவிர வேறு வழிகளும் உண்டு. நெற்றியில் ஒட்டும் சென்சார், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு மூளைத் திசுவின் ஆக்சிஜனைக் கணிக்கும். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கு அதன் வழியாகவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கலாம். தலைக்காயம் கடுமையாக இருந்தால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு உள்ளழுத்தத்தை அளப்பார்கள்.

எந்தக் கருவியும் செத்த மூளைச் செல்லை உயிர்ப்பிக்காது. ஆனால் வலிப்பை நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்தால் அடக்கலாம். மேலும் சேதமாகாமல் காக்கவும் வழி பிறக்கும். இ.இ.ஜி. பதிவை இணையத்தில் அனுப்பினால் வெளியூர் நிபுணரும் படித்துச் சொல்லலாம். எனவே கடலோர மாவட்டங்களின் குழந்தைகள் ஐசியுக்களில் தொடர் இ.இ.ஜி. வசதி கட்டாயம் இருக்க வேண்டும்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன், மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்துங்கள். கூட இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் எத்தனை நிமிடம் கிடந்தது என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.