லேப்வியூல டிஎல்எல்: டம்ளர்ல ஒரு லிட்டர் சாம்பார்

லேப்வியூல ஒரு டிஎல்எல் ஃபங்ஷனைக் கூப்பிடுறீங்க. சரியான பதில் வருது. பத்து நிமிஷம் கழிச்சு, சம்பந்தமே இல்லாத இடத்துல லேப்வியூ மொத்தமா மூடிக்குது. ஏன்?

1986-ல மேக்கின்டாஷுக்காக நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்டதுதான் லேப்வியூ. இதுல வரி வரியா கோட் எழுத மாட்டோம். பெட்டிகளை வயரால இணைப்போம். பொருந்தாத வயரை இணைச்சா, ரன் அம்புக்குறியே உடைஞ்சு நிக்கும். மெமரியையும் அதுவே பார்த்துக்கும்.

ஆனா, கருவி செய்த கம்பெனி சி மொழியில எழுதின டிஎல்எல் மட்டும் கொடுத்தா? அதுக்குத்தான் 'கால் லைப்ரரி ஃபங்ஷன் நோட்'. ஃபைல் பாத், ஃபங்ஷன் பெயர், ஒவ்வொரு பாராமீட்டரின் டைப் எல்லாத்தையும் நாமதான் நிரப்பணும். டைப்பெல்லாம் ஹெடர் ஃபைல்ல இருக்கும். நாம சொல்றதை லேப்வியூ அப்படியே நம்பும். பாதுகாப்பு இங்கே முடிஞ்சுது.

இப்போ, ஒரு ஃபங்ஷன் கருவியோட பெயரை 256 பைட் இடத்துல எழுதும்னு வைங்க. நீங்க காலி ஸ்ட்ரிங்கை வயர் பண்ணிட்டீங்க. இது டம்ளரை நீட்டி ஒரு லிட்டர் சாம்பார் வாங்குற கதை. சி ஃபங்ஷன் பாத்திரத்தோட அளவைப் பார்க்காது, ஊத்திட்டே இருக்கும். வழிஞ்சது பக்கத்து மெமரியில விழும். உடனே ஒண்ணும் தெரியாது. அப்புறமா அந்த வழியா வர்றவர் வழுக்கி விழுவார். அதனாலதான் கிராஷ் ஆன இடத்துலயே தப்பைத் தேடினா கிடைக்காது.

என்ன செய்யலாம்? ஸ்ட்ரிங் பாராமீட்டர்ல 'மினிமம் சைஸ்' 256-னு கொடுங்க. டெஸ்ட் பண்ற வரைக்கும் 'எரர் செக்கிங்' மேக்ஸிமம்ல இருக்கட்டும்; பஃபரைத் தாண்டி எழுதினா பெரும்பாலும் அதுவே சொல்லிடும். 1097-னு எரர் வந்தா, லேப்வியூவோட மெமரியே கெட்டுப் போயிருக்கலாம். வேலையை வேற இடத்துல சேவ் பண்ணிட்டு, ரீஸ்டார்ட் பண்ணுங்க.

இன்னும் ரெண்டு விஷயம். 32-பிட் லேப்வியூ 64-பிட் டிஎல்எல்-ஐ லோட் பண்ணாது. அப்புறம், நோட் ஆரஞ்சு நிறத்துல இருந்தா அது யூஐ த்ரெட்ல ஓடுதுன்னு அர்த்தம். ஃபங்ஷன் மெதுவா இருந்தா ஸ்கிரீனே உறைஞ்சு நிக்கும். ஆனா டிஎல்எல் த்ரெட்-சேஃப்னு உறுதியாத் தெரியாம 'எனி த்ரெட்'டுக்கு மாத்தாதீங்க.

சுருக்கமா, வயர் சரியா இருக்குறது மட்டும் போதாது. ஹெடர் ஃபைலை ஒருமுறை நிதானமாப் படிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!