மின்வெட்டுக்குப் பின் காணாமல் போகும் கோப்புகள்

கொழும்புத் துறைமுகத்துக் கொள்கலன்களைச் சுங்கம் பரிசோதிக்கும் யார்ட் ஒருகொடவத்தையில் இருக்கிறது. அங்கே ஓடித்திரியும் வார்ப் கிளார்க்குகளுக்கும் கிளியரிங் ஏஜென்சிகளுக்கும் கஸ்டெக் (சுங்கப் பிரகடனம்), இன்வொய்ஸ், டெலிவரி ஓர்டர் எல்லாமே இன்று ஸ்கேன் செய்த கோப்புகள்தான். செலவைக் குறைக்க லினக்ஸ் கணினியும், பொதுச் சேமிப்புக்கு ஒரு நாஸ் பெட்டியும் வைத்திருக்கும் சிறிய அலுவலகங்கள் அறிந்திருக்கவேண்டிய ஆபத்து ஒன்று உண்டு.

ஆபத்து எங்கே?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடு முழுக்க மின்சாரம் நின்றது. இப்படிப் போன கரண்ட் திரும்பும்போது கணினி, ரவுட்டர், நாஸ் மூன்றும் ஒரே நேரத்தில் எழும்பும். கணினி அரை நிமிடத்தில் தயாராகிவிடலாம். நாஸுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். கணினி தேடும்போது நாஸ் இல்லாததால் வலையமைப்பு டிரைவ் மவுன்ட் ஆகாது, அதாவது கணினியோடு இணையாது.

சில கணினிகள் அவசரநிலைத் திரையில் நின்றுவிடலாம். அது தொல்லைதான், ஆனால் உடனே தெரிந்துவிடும். பிழையைப் பொருட்படுத்தாமல் தொடங்கிவிடும் கணினியில்தான் ஏமாற்றம். கோப்புறை வழமைபோல் தெரியும். நாஸ் மட்டும் அதற்குப் பின்னால் இருக்காது. அன்றைய ஸ்கேன்களும் இரவு பெக்கப்பும் கணினியின் சொந்த வட்டிலேயே விழும். பிறகு நாஸ் இணைந்ததும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடும். அழிந்துவிட்டதாக எண்ணி வட்டை ஃபோர்மட் செய்துவிடாதீர்கள்: வலையமைப்பு டிரைவின் இணைப்பைத் துண்டித்துப் பார்த்தால் அவை அங்கேயே இருக்கும்.

பெக்கப் ஓடுகிறது என்ற நம்பிக்கை எவ்வளவு விலை கேட்கும் என்பதை 2023 காட்டியது. இலங்கை அரசாங்க கிளவுட் கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களுக்குப் பெக்கப் இருக்கவில்லை. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன.

பரிகாரம்

மவுன்ட் விபரங்கள் உள்ள எஃப்எஸ்-டேப் கோப்பிலும் மற்ற அமைப்புகளிலும் உங்கள் டெக்னீஷியனிடம் இவற்றைச் செய்யச் சொல்லுங்கள்:

• ‘நெட்டெவ்’ குறிப்பு வலையமைப்பு வரும்வரைதான் காத்திருக்கும். நாஸ் எழும்பும்வரை அல்ல. ஆகவே கோப்புறையை முதலில் திறக்கும்போது இணைக்கும் சிஸ்டம்டி ‘ஓட்டோமவுன்ட்’ வசதியையும் சேர்க்கவேண்டும்.

• நாஸுக்கு ரவுட்டரில் நிலையான ஐபி முகவரி கொடுக்கவேண்டும். வைஃபையை விட வயர் இணைப்பு நம்பகமானது.

• எஃப்எஸ்-டேப்பைக் கணினியின் பாவனையாளர் எவரும் வாசிக்கலாம். கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைத்து, ரூட் (நிர்வாகி) மட்டும் வாசிக்க அனுமதி கொடுக்கவேண்டும்.

• லினக்ஸைப் புதுப்பித்த பிறகு பழைய நாஸ் இணையவில்லையா? 2017இலிருந்து லினக்ஸ் கேர்னல் பழைய எஸ்எம்பி 1 முறையைத் தானாகத் தேர்வதில்லை. அந்த ஆண்டு வான்னாக்ரை என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் பரவியது அதே முறையின் ஓட்டை வழியாகத்தான். அதை மீண்டும் திறக்காமல் நாஸைப் புதுப்பியுங்கள்.

• நாஸ் இணையாதபோது வெற்றுக் கோப்புறையில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டவேண்டும். பெக்கப் ஸ்கிரிப்ட், மவுன்ட் ஆகியிருப்பதை உறுதிசெய்த பிறகே ஓடவேண்டும்.

உரிமையும் பொறுப்பும்

வாடிக்கையாளரின் அடையாள அட்டை, கடவுச்சீட்டு நகல்கள் உங்களிடம் இருந்தால் அவற்றைக் காப்பது உங்கள் கடமை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு தற்செயலாகத் தொலைவதற்கு எதிராகவும் பாதுகாப்பைக் கோருகிறது. சட்டம் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருகிறது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பணிப்புரைக்கு இணங்காவிட்டால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு.

உங்களுக்கும் உரிமை உண்டு. நாஸ் விற்றவரிடம் உத்தரவாத அட்டையும் பற்றுச்சீட்டும், அமைத்துக் கொடுத்தவரிடம் அமைப்பு விபரமும் நிர்வாகக் கடவுச்சொல்லும் எழுத்தில் வாங்குங்கள். குறைபாடுள்ள பொருளோ சேவையோ தந்து கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுப்பதே பாதுகாப்பு.

அமைத்து முடிந்ததும் டெக்னீஷியன் நிற்கும்போதே எல்லாவற்றையும் முறையாக அணைத்து, மெயின் சுவிட்சை நிறுத்திப் போடுங்கள். கணினிகள் எழும்பிய பின் ஒரு கோப்பைச் சேமித்து, அது நாஸில் இருப்பதை வேறொரு கணினியிலிருந்து பாருங்கள். அதன் பிறகு கூலியைக் கொடுங்கள்.